ஆதம்பாவா: எங்கள் கரையோரத்தில் அருகிப் போகும் ஒரு பெயர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் தம்பிக்குப் போன மாதம் ஆண் குழந்தை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்கே வாப்பா சொல்லிவிட்டார்: "என்ட வாப்பாட பேர வைங்க. வேறொண்டும் நான் கேக்கல்ல."

வாப்பாவின் வாப்பா, அதாவது எங்கள் மூத்தவாப்பாவின் பெயர் ஆதம்பாவா.

தம்பியின் மனைவி ஒன்றும் பேசவில்லை. ஆனால் பிள்ளை பிறப்பதற்கு முன்பே அவர் ஒரு கொப்பியில் பெயர்கள் எழுதி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அய்மன், ஸையான், றயான் என்று. அவருடைய உம்மா மெதுவாகச் சொன்னார்: "மாமாட ஆசை சரிதான். ஆனா புள்ள நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணுமே." கடைசியில் எல்லோரும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். "நீங்க வாத்தியார்தானே, நீங்க சொல்லுங்க."

எங்களுக்கு அப்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டோம். அந்த இரண்டு நாளில் தேடியதும், அதற்கு முன்பு கல்வியியற் கல்லூரிக் காலத்தில் இருந்தே எங்கள் தலைக்குள் கிடந்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் வகுப்பு வரவு இடாப்பை எடுத்துப் பார்த்தோம். ஆதம்பாவா என்று ஒரு பையனும் இல்லை. ஆனால் இரண்டு பையன்களின் முதலெழுத்துக்குள்ளே ஆதம்பாவா ஒளிந்திருக்கிறார். ஒருவனுக்கு வாப்பாவின் பெயர் அது. மற்றவனுக்கு, வாப்பாவின் பெயரும் அவருடைய வாப்பாவின் பெயரும் சேர்ந்து வந்த மூன்று எழுத்துகளில் ஒன்று அது.

எங்கள் ஊர்களில் பெயர் நடக்கும் முறை இதுதான். குடும்பப் பெயர் என்று நிரந்தரமாக ஒன்று பெரும்பாலானோருக்கு இல்லை. வாப்பாவின் பெயர் மகனுக்கு முன்னால் எழுத்தாக வந்து நிற்கும். உதுமாலெப்பையின் மகன் யூ.எல்., இஸ்மாலெப்பையின் மகன் ஐ.எல்., அகமதுலெப்பையின் மகன் ஏ.எல்., மீராசாஹிபின் மகன் எம்.எஸ். அக்கரைப்பற்றில் இருந்து மருதமுனை வரை எந்தப் பாடசாலையின் பழைய மாணவர் பட்டியலைப் பார்த்தாலும் 'எல்' என்ற எழுத்து நிறைய வரும். அதில் பெரும்பகுதி லெப்பைதான். ஆதம்பாவாவின் மகன் ஏ.பி. என்று எழுதுவான், சேர்த்து எழுதும் வீடென்றால் வெறும் ஏ. மட்டும்.

இந்த முறையில் ஒரு பெயருக்கு ஆயுள் இரண்டு தலைமுறைதான். ஆள் உயிரோடிருக்கும் வரை பெயர், மகன் காலத்தில் எழுத்து, பேரன் காலத்தில் அதுவும் இல்லை. திரும்பவும் யாராவது ஒரு பிள்ளைக்கு அதை வைத்தால்தான் உயிர் வரும். முன்பு மூத்தவாப்பாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், பெயர் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தச் சுற்றுத்தான் எங்கள் வாப்பாவின் தலைமுறைக்குப் பிறகு அறுந்து போயிருக்கிறது. கொழும்பில் 'அப்துல் காதர் அன் சன்ஸ்' என்று குடும்பப் பெயரைப் பலகையில் போட்டுக் காப்பாற்றியவர்களைப் போல எங்கள் வயல்காரர்களுக்கும் மீன்காரர்களுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. இன்னொரு விசயமும் உண்டு. எங்கள் கரையோரத்தில் குடி தாய்வழியாக வருகிறது, வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. வாப்பாவிடம் இருந்து மகனுக்கு உறுதியாகப் போகும் ஒரே சொத்து அந்த முதலெழுத்துத்தான் என்று நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு.

இனி பெயருக்கு வருவோம்.

ஆதம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயர் குர்ஆனில் 25 இடங்களில் வருகிறது. பாவா என்பது அரபு அல்ல. பாரசீகத்திலும் துருக்கியிலும் உருதுவிலும் வழங்கும் 'பாபா'தான் எங்கள் வாயில் பாவா ஆனது. தந்தை, பெரியவர், ஆன்மீகத்தில் மூத்தவர் என்று பொருள். நோன்பு மாதத்தில் சஹர் நேரம் றபான் அடித்துப் படித்துக்கொண்டு ஒழுங்கைக்குள்ளே வருவாரே, அவரையும் நாங்கள் பாவா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் உம்மாவின் பக்கத்தில் நெருங்கிப் படுத்துக்கொள்வோம்.

ஆக ஆதம்பாவா என்றால் தந்தை ஆதம். மனிதகுலத்தின் தந்தை என்ற பொருளில் ஆதம் நபிக்கு அரபியில் 'அபுல் பஷர்' என்ற பெயர் உண்டு. எங்கள் மூத்தவாப்பாமார் அந்தப் பொருளைத் தங்கள் பாசையில் வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

ஆனால் இந்த இரண்டு சொல்லும் இந்தத் தீவில் ஒன்றாகச் சேர்ந்ததற்கு மலை ஒன்று காரணம். பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும் சொல்லும் அந்த மலையை எங்கள் மூத்தவர்கள் பாவாத மலை என்பார்கள். பாவா ஆதம் மலை என்பதன் சுருக்கம். உயரம் 2243 மீற்றர். ஆதம் நபி சுவர்க்கத்தில் இருந்து இறக்கப்பட்ட இடம் எது என்று குர்ஆன் சொல்லவில்லை. ஆனால் அது ஹிந்த், ஸரன்தீப் பக்கம் என்ற அறிவிப்புகளை 923இல் மௌத்தான வரலாற்றாசிரியர் இமாம் தபரி பதிவு செய்திருக்கிறார். அதற்கும் முந்தியது, 851இல் அரபு வணிகர்களின் செய்திகளைத் தொகுத்த 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்ற நூல். ஸரன்தீபின் மலையில் ஆதமின் பாதச் சுவடு இருக்கிறது என்றும், மற்றக் காலை அவர் கடலில் வைத்தார் என்றும் அந்தக் காலத்துக் கப்பல்காரர் சொன்னதை அது எழுதி வைத்திருக்கிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்த சாட்சி இப்னு பதூதா. 1344இல் மாலைதீவில் இருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். அங்கே இருந்த ஆரியச்சக்கரவர்த்தி என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். அரசர் பல்லக்குக் கொடுத்து, வருடா வருடம் மலைக்குப் போகும் நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தன் ஆட்கள் பத்துப் பேரையும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரீகருக்கு ஓர் இந்து அரசர் யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பிய இந்தச் செய்தியை எங்கள் பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடலாம்.

அந்தப் பயணக் குறிப்பில் ஒரு வரிச் செய்தி இருக்கிறது. மலைக்கு இரண்டு பாதைகள். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. பாபா என்றால் ஆதம், மாமா என்றால் ஹவ்வா. மாமா பாதை இலேசானது, திரும்பி வரும்போது அதால் வருவார்கள். ஏறும்போதே அதால் ஏறினவனை ஸியாரத் செய்தவனாகக் கணக்கெடுக்க மாட்டார்களாம். பாபா பாதை கடினம். கடைசிச் செங்குத்தில் பிடித்து ஏறப் பத்துச் சங்கிலிகள். பத்தாவதுக்குப் பெயர் ஷஹாதா சங்கிலி. அதில் நின்று கீழே பார்த்தால் பயத்தில் கலிமா வாயில் வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர்.

அதாவது 680 வருடத்துக்கு முன்பே இந்தத் தீவில் ஆதம் நபியை 'பாபா' என்று அழைத்திருக்கிறார்கள். எங்கள் மூத்தவாப்பாவுக்கு இப்னு பதூதாவைத் தெரியாது. வட்டைக்கும் வீட்டுக்கும் நடந்தே வாழ்ந்தவர், பாவாத மலையைக் கண்ணால் கண்டதும் இல்லை. ஆனால் அவருடைய பெயருக்குள் அந்தப் பாதை இருந்திருக்கிறது. இதை வாசித்த அன்று இரவு எங்களுக்கு நித்திரை சரியாக வரவில்லை.

பாவா என்ற முடிவு ஆதமுக்கு மட்டும் உரியதல்ல. முகைதீன்பாவா, காசிம்பாவா, சேகுபாவா என்றெல்லாம் இருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பழைய பெயர்களைப் பார்த்தால், முன்பாதி நபிமார், ஸஹாபாக்கள், வலிமார் என்று அரபில் இருக்கும், பின்பாதி ஊரில் இருந்து வரும். லெப்பை, பாவா, தம்பி, சாஹிபு, மரைக்கார். உதுமான் வந்து உதுமாலெப்பை ஆனார். சேகு வந்து சேகுத்தம்பி ஆனார். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் வருடா வருடம் கொடியேறும் நாகூர் சாஹுல் ஹமீது நாயகத்தின் பெயரால் மீராசாஹிபுகளும் மீரான்களும் சாகுல் ஹமீதுகளும் பிறந்தார்கள். அந்தத் 'தம்பி' பக்கத்துத் தமிழ் ஊர்களில் சின்னத்தம்பியாகவும் நல்லதம்பியாகவும் நின்றது. கேட் முதலியார் காரியப்பர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த வேற்றூர்க்காரர் ஒருவர் அந்த 'அப்பர்' என்ற முடிவை வைத்து அவரை என்ன சமயம் என்று நினைத்திருப்பார்?

நாங்கள் இருப்பது பாண்டிருப்பில். இந்த ஊரின் பெயரே பாண்டவர் இருந்த இடம் என்பதால் வந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைக் கல்முனை முழுக்க அறியும். இங்கே எங்களோடு ஓய்வறையில் இருக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் இந்த ஆதம்பாவாக் கதையைச் சொன்னோம். சிரித்துவிட்டுச் சொன்னார்: "சேர், எங்கட பக்கம் மட்டும் என்னவாம்? வைரமுத்து, கந்தப்பன், சாமித்தம்பி எல்லாம் முடிஞ்சுது. இப்ப வகுப்பு முழுக்க '-ஷன்', '-ஷான்'. இடாப்பு கூப்பிட எனக்கு நாக்குச் சுளுக்குது." எங்களுக்கும் அதே சுளுக்குத்தான் என்று சொன்னோம்.

ஏன் அருகியது என்று கேட்டால் ஒரே காரணம் சொல்ல முடியாது. அரபுக் கல்லூரிகள் பெருகிப் பெயரைச் சரியான அரபு உச்சரிப்பில் வைக்க வேண்டும் என்ற விழிப்பு வந்தது. உதுமாலெப்பை 'உஸ்மான்' ஆனார், இபுறாலெப்பை 'இப்றாஹீம்' ஆனார். 1970களின் கடைசியில் இருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் அங்கு கேட்ட பெயர்களோடு திரும்பி வந்தார்கள். பிறகு தொலைபேசி வந்தது. இப்போது தேடினால் ஒரு நிமிசத்தில் ஆயிரம் பெயர் வருகிறது, அர்த்தத்தோடு. அந்த அர்த்தங்களில் பாதி பிழை என்பது வேறு கதை. அதைப் பற்றித் தனிப் பதிவு எழுத வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இதே பெயரின் முன்பாதி இப்போது உலகம் முழுக்க விருப்பமான பெயர். மலேசியாவில் ஆடம், ஐரோப்பாவில் ஆடம், துருக்கியில் ஆதெம். எங்கள் ஊரிலும் 'ஆடம்' என்று வைக்கத் தயாராக இருக்கிறார்கள். பாவா என்ற பின்பாதிதான் சிக்கல். அது பிள்ளையை ஊருக்குள்ளே இழுத்துக் கட்டிவிடுகிறது. கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போய் ஆதம்பாவா என்றோ உதுமாலெப்பை என்றோ சொன்னால் "கிழக்கு மாகாணமா?" என்று கேட்பார்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியும். வடஇந்தியாவில் உருது, ஹிந்தி பேசுவோர் மிகப் பழைய சாமானைப் பார்த்து 'பாபா ஆதம் காலத்தது' என்பார்களாம். எங்கள் இளம் உம்மாமாருக்கு அந்தப் பழமொழி தெரியாது. ஆனால் முகத்தைச் சுளிக்கும்போது அதைத்தான் சொல்கிறார்கள்.

பாடசாலைக் கேலியும் பொய்யல்ல. நாங்கள் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் ஆதம்பாவா என்று ஒருவன் இருந்தான். ஏதோ ஒரு பட்டியலை ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு மாற்றியவர் அவன் பெயரை 'அடம்பாவா' என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து அவன் 'அடம்'. கொஞ்சம் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் 'ஆடம்பரம்'. சாதாரண தரம் எழுதும் வரை அது அவனை விடவில்லை. நாங்களும் சேர்ந்துதான் கூப்பிட்டோம். இப்போது ஆசிரியராக இருந்துகொண்டு நினைக்கும்போது நன்றாக இல்லை.

ஆனால் கேலியைவிடப் பெரிய கஷ்டத்தை இந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குத் தந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

முன்பு ஓர் ஊரில் பல ஆதம்பாவாக்கள். ஊருக்கு அது பிரச்சினையே இல்லை. வட்டவிதானை ஆதம்பாவா, மேசன் ஆதம்பாவா, நெட்டை ஆதம்பாவா என்று பட்டப்பெயரால் பிரித்துக்கொண்டார்கள். காகிதத்தில் பட்டப்பெயர் ஏறாது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது எங்கள் கரையோரம் என்னவானது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்போது நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். முகாமில் நிவாரணப் பட்டியலில் இரண்டு ஆதம்பாவா இருந்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரே முதலெழுத்து. எழுதியவர் ஒருவரையே இரண்டு முறை எழுதிவிட்டோம் என்று நினைத்து ஒரு பெயரை வெட்டிவிட்டார். வெட்டப்பட்டவர் எங்கள் மூத்தவாப்பா. அடையாள அட்டையும் உறுதியும் கடலோடு போய்விட்டன. தான்தான் தான் என்று நிரூபிக்க அவர் இரண்டு மாதம் வரிசையில் நின்றார். மற்ற ஆதம்பாவாவும் கூட வந்து நின்று "இவர் வேற, நான் வேற" என்று சாட்சி சொன்னார். அந்த மனிதரை எங்கள் குடும்பம் இன்றைக்கும் மறக்கவில்லை.

பிறகு காணி விசயம். பழைய உறுதியின் பிரதியில் தமிழில் ஆதம்பாவா. அடையாள அட்டையில் ஆங்கில 'டி' மட்டும் போட்டு ஒரு விதம். வாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் 'டி.எச்.' போட்டு இன்னொரு விதம். கடைசி எழுத்துக்கு ஒருவர் 'டபிள்யூ', இன்னொருவர் 'வி'. ஓரிடத்தில் ஆதமும் பாவாவும் தனித்தனி. நான்கு பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்தோம். அதில் இன்னொரு எழுத்துப்பிழை வந்தது!

இந்த நாட்டில் பிறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது, அடையாள அட்டை 1972இல் இருந்து வருகிறது. அதற்கு முன்பு பெயர் வாயில்தான் வாழ்ந்தது. வாயில் வாழ்ந்த பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் தேவைப்படவில்லை. காகிதம் வந்த பிறகு எல்லோரும் அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். ஆகவே பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பெற்றோருக்கு ஆசிரியர்களாக நாங்கள் சொல்வது ஒன்றுதான்: எந்தப் பெயரானாலும் பதிவாளரிடம் போகும் முன் மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்டு எழுதட்டும் என்று விடாதீர்கள். பிறகு திருத்துவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அந்த அலைச்சலை நாங்கள் பட்டிருக்கிறோம்.

மார்க்க ரீதியாகவும் சிலர் கேட்டார்கள், பாவா என்று வைக்கலாமா என்று. நாங்கள் ஆலிம்கள் அல்ல. பெயர் அரபில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, கெட்ட பொருளோ அல்லாஹ்வைத் தவிர மற்றவருக்கு அடிமை என்ற பொருளோ வரக்கூடாது என்றுதான் படித்திருக்கிறோம். தந்தை ஆதம் என்பதில் அப்படி ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் உங்கள் பள்ளி மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் முடிந்து எல்லோரும் திரும்பவும் கூடினோம். இப்னு பதூதாவின் கதையைச் சொன்னோம், ஷஹாதா சங்கிலி வரைக்கும். தம்பியின் மனைவி கவனமாகக் கேட்டார். வாப்பா தன் பக்கம் தீர்ப்பு வந்துவிட்டதென்று எழும்பி உட்கார்ந்தார். பிறகு அடம், ஆடம்பரம் கதையையும், நிவாரணப் பட்டியலையும் சொன்னோம். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நிவாரண வரிசையில் மூத்தவாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தானே.

2024 தேர்தலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் இருந்து தேசியப் பட்டியலில் பாராளுமன்றம் போனவரின் பெயரிலும் ஆதம்பாவா இருக்கிறது என்று தம்பி எடுத்துக் கொடுத்தான். "செய்தியில எல்லாம் சரியாத்தானே வாசிக்கிறாங்க." அதற்கு அவன் மாமியார், "அவர் அந்தக் காலத்துல பொறந்தவர் மகன்" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

முடிவைத் தம்பியின் மனைவிதான் சொன்னார். முஹம்மத் ஆதம் என்று பதிவோம், வீட்டில் கூப்பிடுவது மாமாவின் விருப்பம். வாப்பா முழுதாகச் சம்மதித்தார் என்று சொல்ல மாட்டோம். "பாதிதானே வச்சிரிக்கீங்க" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஏழாம் நாள் தலைமுடி இறக்கும்போது பிள்ளையை மடியில் வைத்திருந்தது அவர்தான். இப்போது வீட்டில் எல்லோரும், தம்பியின் மனைவி உட்பட, பிள்ளையைக் கூப்பிடுவது 'பாவா' என்றுதான். "பாவா அழுகிறார்", "பாவாக்குப் பால் குடுங்க" என்று.

வாசிக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை என்று எந்த ஊராக இருந்தாலும், 2004க்குப் பிறகு பிறந்த ஒரு ஆதம்பாவா உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் எங்களுக்கு அறியத் தாருங்கள். எழுத்துக்கூட்டலையும் மறக்காமல் சொல்லுங்கள். வாப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.